கைதட்டினாத்தான் நகரும் பிஷப்

சாட்டையை எடுக்கணுமா? எடுத்து?... ஈ உக்காந்த மாதிரி வாலை ஒரு ஆட்டு ஆட்டும், அவ்ளோதான். பிஷப்பு மேல சாட்டை பலிக்காது சார். குதிரை பேருதான், பிஷப். எங்க சர்ச்சு சாமியாருக்குக் கூட அதுல கொஞ்சம் வருத்தம். இது நடக்குற நடைக்கு வேற என்ன பேரு வைக்கிறது?

இறங்காதீங்க, இறங்காதீங்க! மெல்போர்ன் ரயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம் கெடக்கு. ஸ்டேஷன் அந்தா, மேடு ஏறினா வந்துடும். இந்த மாடி ஜன்னல்ல ஒரு அம்மா பாடுது பாருங்க... மிஸ் பெங்கெல்லி, பாட்டு டீச்சர். அது முடியணும். முடிஞ்சதும் நீங்களும் நானும் சேந்து கை தட்டணும். தட்டினா கிளம்பிடும்.

சிரிக்காதீங்க சார். ஏற்கெனவே என் மேல ரெண்டு புகார். மூணாவது வந்தா வண்டி ஓட்டுற பேட்ஜைப் பிடுங்கிடுவோம்னு கவுன்சில்ல சொல்லிட்டாங்க. உங்களுக்கு ரயில் போனா எனக்கு வண்டியே போச்சு.

எல்லாம் அந்தப் பாட்டு நாடகம் போடற ஓப்பரா கம்பெனி பண்ணின வேலை! போன மாசம் வந்தாங்களே, தனி ரயில்ல, நூத்தம்பது பேரு, மூணு பெட்டி நெறய ஈட்டியும் கிரீடமும். நம்ம பல்லாரட்டுல ஒரு வாரம். நல்லாத்தான இருந்தோம் அதுவரைக்கும்? அவங்க ராஜபார்ட்டு சண்டைக்குப் போறப்ப வெள்ளைக் குதிரை மேல உக்காந்து பாடணுமாம். ஊரு பூரா தேடி, எங்க ஸ்டாண்டுல வந்து பிஷப்பைப் பாத்ததும் அந்த மேனேஜர் தொப்பியைக் கழட்டிட்டான். குதிரைக்கு!

ராஜபார்ட்டு பேரு சிக்னோர் பெல்லாண்டி. இத்தாலிக்காரராம்! பிஷப்பு அவரு கால் கட்டைவிரலை மிதிச்சப்ப ஒரு வசவு வந்துச்சு பாருங்க... சுத்தமான இங்கிலாந்து லங்காஷயரு.

மொத நாள் ராத்திரி என்னாச்சுன்னா, பாட்டு ஒன்பது நிமிஷம். இதுக்கு மூணு நிமிஷத்துலயே போதும்னு ஆயிடுச்சு. அவரு கையை நீட்டி "போய் வரேன் கண்ணே"ன்னு பாடிட்டே இருக்காரு, இது நெசமாவே போயிருச்சு. கதாநாயகியம்மா மேடையில தனியா நிக்குது, இவரு திரைக்குப் பின்னாடியிருந்து மிச்சத்தைப் பாடுறாரு. ஜனம் எழுந்து நின்னு சிரிக்குது.

நாளையிலேருந்து ரொட்டிக்கடை டன்ஃபியோட குதிரைன்னுட்டான் மேனேஜர். டன்ஃபி குதிரை! அது குதிரையா சார்? மாவு மூட்டைக்குக் கால் மொளச்ச மாதிரி இருக்கும். விடுவேனா நான்? ரெண்டே நாள் குடுங்கன்னு கெஞ்சினேன். லாயத்துல நான் பாடுவேன், பிஷப்பு நிக்கும். முடிச்சதும் எம் பொண்டாட்டி நோரா கை தட்டுவா, ரெண்டடி நடக்கும், உடனே காரட்டு. பாட்டுன்னா நில்லு, தட்டுன்னா நட. கத்துக்கிச்சு சார்! புதன்கெழமை ஒன்பது நிமிஷமும் சிலை மாதிரி நின்னுச்சு. ஜனம் தட்டின தட்டுல கம்பீரமா வெளிய வந்துச்சு. பேப்பர்ல போட்டான், "குதிரையின் கண்ணியம் மனத்தைத் தொட்டது"ன்னு. பெல்லாண்டியைப் பத்தி ஒரு வரி இல்ல.

...ஆமா, நாந்தான் பழக்கினேன். அதுக்கு? கேட்டது அவங்க தான?

திங்கக்கெழமை கம்பெனி போயிருச்சு. செவ்வாய்க்கெழமை ஊருல பிரெண்டர்காஸ்ட்னு ஒருத்தர் சாவு. விதவையம்மாவும் மச்சினரும் என் வண்டியில. கல்லறை வாசல்ல கீர்த்தனை ஆரம்பிச்சாங்களோ இல்லியோ, நட்டு வச்ச மாதிரி நின்னுடுச்சு. பின்னால பதினோரு வண்டி. பாட்டு முடிஞ்சுது. நகரணும்ல? வேற வழி தெரியல சார்... கை தட்டினேன். ஒத்தை ஆளு தட்டினா இதுக்குப் பத்தாது, கொட்டகை நெறயக் கைதட்டு வாங்கின குதிரையாச்சே. "அம்மா, நீங்களும் கொஞ்சம்..."னு திரும்பினேன். அதான் மொதப் புகார்.

ரெண்டாவது, சால்வேஷன் ஆர்மிக்காரங்க தெருவுல பாண்டு வச்சு சாமி பாட்டு பாடறப்ப... சரி, அது வேணாம்.

பெல்லாண்டி போறப்பவே சொன்னாரு. "பாடறதை நிறுத்துய்யா, பதினஞ்சு நாள்ல மறந்துடும்"னு. நல்ல மனுசன். நிறுத்தலாம்தான்... என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? ஆமா, இன்னும் பாடுறேன். தெனமும்தான். நோரா கதவைச் சாத்திட்டுப் போயிடுவா, கை தட்டறதையும் விட்டுட்டா. சர்ச்சுல பாடப் போன என்னை மணி அடிக்கப் போடான்னுட்டாங்க. நாப்பத்தாறு வயசு சார் எனக்கு. நான் வாயைத் தொறந்தா இன்னிவரைக்கும் நின்னு கேட்டது இது ஒண்ணுதான். அதையும் மறக்கடிக்கவா?

ஆ, முடியப்போகுது, அந்தக் கடைசிக் கத்தல்தான் பாக்கி. கையுறையைக் கழட்டுங்க. வாசல்ல இத்தனை குடை கெடக்கு, பாட்டு கத்துக்குற புள்ளைங்களைப் பெத்தவங்களும் வந்திருப்பாங்க போல. அவங்களும் தட்டினா நல்லது. பாட்டைக் கேட்டா சந்தேகமாத்தான் இருக்கு... தட்டறாங்க! தட்டறாங்க சார்! கெளம்பிடுச்சு! நான் சொன்னேன்ல...

சார்?

எப்ப இறங்கினீங்க? அட, பெட்டியைத் தூக்கிட்டு ஏன் ஓடறீங்க! இருங்க, இதோ வந்துட்டேன்! கையைக் குடுத்து ஏறிடுங்க... முடியலையா? நிறுத்தணுமா? கடிவாளத்துக்கு இது எங்க நிக்குது! சரி, பாடறேன்... "போய் வரேன் கண்ணே... ஏஏஏ... போய் வரேன்..."

பாத்தீங்களா, நின்னுடுச்சு! ஏறுங்க.

...சார், அந்த மேல் ஸ்தாயி எப்படி இருந்துச்சு? சார்!... ரெண்டு தட்டு தட்டிட்டாவது ஓடுங்க சார்!