ஏழு துண்டு சுரைக்காய்

ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையிலிருந்து எனக்குச் சாப்பாடு வரவழைத்ததற்கு நன்றி, ஐயா. சோறு ஒரு கொதி அதிகம் வாங்கிவிட்டது. பருப்பில் உப்பைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள், கரையாமல் மேலாக நிற்கிறது. மற்றபடி இந்த விலைக்குக் குறை சொல்ல முடியாது. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன்.

பழக்கதோஷம், மன்னிக்கவும். இருபத்திரண்டு வருடமாக வியாழக்கிழமைதோறும் பத்திரிகையில் ‘மலிவும் மணமும்’ எழுதிவருகிறவன் நான். இந்த ஊரில் சட்டைப்பை கனக்காதவர்கள் எங்கே வயிறாரச் சாப்பிடலாம் என்று சொல்வது என் வேலை. புனைபெயர் ‘பசித்தவன்’. இந்த இருபத்திரண்டு வருடத்தில் எனக்குப் பசித்ததே இல்லை. அதை எந்த வாசகரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யாரென்று காட்டிக்கொள்ளாமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதாகத்தான் கட்டுரையின் அடியில் அச்சாகும். நான் உள்ளே நுழைந்ததும் என் மேசையை மட்டும் இரண்டு தடவை துடைப்பார்கள். அதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்வேன்.

அந்தப் பெண்மணியின் கடையைப் பற்றித்தான் நீங்கள் கேட்க நினைக்கிறீர்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், பழைய அச்சகத்தை ஒட்டி, ஆறு மேசை. அவள் சமைப்பாள், அவளுடைய தம்பி பரிமாறுவான். மத்தியானம் மட்டும் சாப்பாடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அங்கே குழம்பில் உப்பு இரண்டு மடங்கு இருந்தது. இதை எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்துகொண்டேதான் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் அதே குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள், யோசித்தாள், இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டாள்.

முந்தின மாதம் வந்த காய்ச்சலில் அவளுக்கு நாக்கும் மூக்கும் போய்விட்டிருந்தன. உப்பு, புளிப்பு, கசப்பு எதுவும் தெரியாது. “தம்பிக்குத் தெரிஞ்சா கடையைப் பூட்டிட்டு வேற வேலை பாருன்னுடுவான் சார். எனக்கு இதைத் தவிர எதுவும் தெரியாது. எழுதிடாதீங்க” என்றாள்.

நான் எழுதவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அது வெறும் கருணை. நான் அதற்கும் மேலே போனேன். தினமும் பதினொன்றரைக்கு, தம்பி சாமான் வாங்கப் போயிருக்கும் நேரத்தில், பின்வாசல் வழியாக வருகிறேன், ருசி பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஒரே ஒரு நிபந்தனைதான். விமர்சகனே ஒரு கடைக்கு உப்புப் பார்க்கிறான் என்று தெரிந்தால் என் நடுநிலைமை என்ன ஆவது? ஆகவே யாரிடமும், எந்தக் காலத்திலும், என் பெயரைச் சொல்லக் கூடாது. அவள் அடுப்பின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள். அடுப்பு சூடாகத்தான் இருந்தது.

குழம்பு தயாரானதும் கரண்டியால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவாள். அது எனக்கான அழைப்பு. நான் ருசி பார்ப்பேன், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நாளடைவில் நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. என் புருவத்தைப் பார்த்துப் புளி கரைத்தாள். ‘சார்’ போய் ‘அண்ணே’ ஆனேன்.

செவ்வாயும் சனியும் சுரைக்காய்க் குழம்பு. சுரைக்காயில் ஒரு சங்கடம் உண்டு, ஐயா. நன்றாக வெயில் காய்ந்த மாதங்களில் சில காய்கள் கசந்துவிடும். அந்தக் கசப்பு விஷம். வேகவைத்தாலும் போகாது. எந்தச் சமையல்காரரும் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அரிவார்கள். இதைப் பற்றி நானே பல வருடங்களுக்கு முன் எழுதியிருக்கிறேன். ‘கசந்தால் எறியுங்கள், உயிரை வாங்கும்’ என்று தலைப்பு. அவள் அதை வெட்டி அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். சுரைக்காய் நாளில் ஒவ்வொரு காயிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, காய்களின் வரிசையிலேயே தட்டில் அடுக்கி வைப்பாள். நான் ஒவ்வொன்றாக மென்று துப்பி, கசப்பதைச் சுட்டிக்காட்டுவேன். அவள் அந்தக் காயைத் தூக்கிக் குப்பையில் போடுவாள். இப்படியாக இந்த ஊர் மக்களை இரண்டு வருடம் நான் காப்பாற்றியிருக்கிறேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் நான் எதிர்பார்த்ததில்லை.

பிறகு எங்கள் பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் ‘நகரின் சிறந்த எளிய உணவகம்’ விருது அவளுக்குக் கிடைத்தது. மண்டபம், மாலை, மைக். எளிமையைப் பற்றி நகராட்சித் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். அவருக்கு ஏலக்காய் போட்ட பால், எங்களுக்குத் தண்ணீர். அவள் மேடையேறி நன்றி சொன்னாள். காய்கறிக்காரருக்கு நன்றி. சிலிண்டர் போடுகிறவருக்கு நன்றி. அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவரை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்டவைத்தாள். அந்த ஆள் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார், மந்திரி மாதிரி. கடைசியில் மூன்றாவது வரிசையில் என்னைப் பார்த்தாள், சிரித்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் என்னிடம் ஓடிவந்தாள். “உங்க பேரு வாய் வரைக்கும் வந்திருச்சு அண்ணே. முழுங்கிட்டேன். நீங்க சொன்னபடியே.”

“நல்லது” என்றேன்.

எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வருத்தம் இருந்திருந்தால் அன்றைக்கே முகத்தில் தெரிந்திருக்கும், அவள் என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள். ஆனால் ஒரு சமையற்கட்டில் அடுப்பை முடுக்குகிறவன் யார், நாக்கு யார் என்கிற வித்தியாசம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் தோன்றியது. நாக்கு இல்லாமல் அந்தக் கடை ஒருநாள் நடந்தால் என்ன ஆகும் என்று ஒரு பரிசோதனை. பத்திரிகைக்காரனின் ஆர்வம்.

அந்த வாரக் கட்டுரையில், விருது பெற்ற கடையைப் பற்றி எழுதினேன். ‘சுரைக்காய்க் குழம்பின் முடிவில் நாக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய கசப்பு எட்டிப் பார்க்கும். பழகாத நாக்குக்கு அது பிடிபடாது’ என்று ஒரு வரி. அதுவரை அந்தக் குழம்பு ஒருநாளும் கசந்ததில்லை. விமர்சனத்தில் கொஞ்சம் கற்பனை சகஜம்தான்.

அதற்குப் பிறகு மூன்று சுரைக்காய் நாட்கள் காத்திருந்தேன். முதல் நாள் ஒன்று கசந்தது. ஒன்றால் குழம்பு முழுக்கக் கசப்பு ஏறாது, ஆகவே எறியச் சொன்னேன். இரண்டாவது நாள் எல்லாம் நல்ல காய். மூன்றாவது, அந்தச் சனிக்கிழமை, தட்டில் ஏழு துண்டுகள். இரண்டாவது கசந்தது. நான்கு, ஐந்து, ஏழு கசந்தன. ஏழாவது துண்டு பல்லில் பட்டதுமே தாடை வலித்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை வைத்துக்கொள்வது எனக்குப் புதிதல்ல. எத்தனையோ முதலாளிகள் எதிரே நின்றுகொண்டிருக்க, எத்தனையோ குழம்புகளைச் சாப்பிட்டவன்.

“நல்லா இருக்கு” என்றேன்.

“ஏழுமா?”

“ஏழும்.”

அவள் அரிய ஆரம்பித்தாள். நான் வாயை நான்கு தடவை கொப்பளித்துவிட்டு முன்பக்கம் போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். வயிறு சரியில்லை என்று மோர்ச்சோறு மட்டும் கேட்டேன்.

அன்றைக்கு நல்ல கூட்டம். பாதிப்பேர் கையில் என் கட்டுரை. பக்கத்து மேசையில் வங்கி அதிகாரி ஒருவர் ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார், “அந்தக் கசப்பு வருது பாருங்க. என்ன நுட்பம்” என்றார். அவர் மனைவி, “எனக்கு முதல் வாயிலேயே வருதே” என்றார். “உனக்குப் பழகலை” என்றார் அவர். அப்படிச் சொன்னவர் தட்டில் முக்கால்வாசி மிச்சம் வைத்துவிட்டுத்தான் எழுந்தார். வசதியுள்ளவர்கள் எல்லோருமே அப்படித்தான். புகழ்ந்துவிட்டு மீதி வைத்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் எதிரே ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். தெருமுனைப் பணம் எடுக்கும் இயந்திரத்துக்குக் காவல். ஒருநாளைக்கு இந்த ஒருவேளைதான் சாப்பாடு. தட்டை அப்படி வழிப்பார். கழுவவே வேண்டாம் என்று தம்பி அவருக்குப் ‘பளபளா’ என்று பெயர் வைத்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் தம்ளரைக் கவிழ்த்து வைப்பார், போதும் என்பதற்கு அடையாளமாக.

“என்ன தம்பி, இன்னிக்கு இப்படிக் கசக்குது?”

“பேப்பர்லயே போட்டிருக்கு பெருசு. அதான் ஸ்பெஷல்.”

“பேப்பர்லயா? அப்போ நம்ம நாக்குதான் சரியில்லைபோல.” பிறகு என்னைப் பார்த்தார். “சார், நீங்க விவரம் தெரிஞ்சவங்க. இது இப்படித்தான் இருக்குமா?”

ஐயா, எல்லாவற்றையும் சொல்வதாகத்தான் வந்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தார்.

“இப்படித்தான் இருக்கும்” என்றேன்.

அவர் இன்னொரு தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். வழித்தார். தம்ளரைக் கவிழ்த்தார்.

பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பதினெட்டுப் பேர் திரும்பினார்கள். மீதி உங்களுக்கே தெரியும். அடுக்களைச் சுவரில் என் பழைய கட்டுரை இருந்ததால், கசந்தால் விஷம் என்று அவளுக்கு முன்பே தெரியும் என்று எழுதிக்கொண்டீர்கள். ருசி பார்த்தது யார் என்று கேட்டபோது, “நான்தான்” என்றாளாம். நாக்கு செத்துப்போனதையும் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அடுத்த வியாழக்கிழமை, மலிவான உணவகங்களில் அக்கறை குறைந்துவருவதைப் பற்றி எழுதினேன். பாராட்டி நாற்பது கடிதங்கள் வந்தன.

அவள் உள்ளே போய் நான்கு மாதம் ஆகிறது. நான் வேலையைத் தொடர்கிறேன். சின்னச் சின்ன உபாதைகள்தான். பதினொன்றரை ஆனால், எங்கே இருந்தாலும், சட்டி விளிம்பில் இரண்டு தட்டு கேட்கிறது. ஆசிரியர் அறையில் கேட்டது. அங்கே சட்டி கிடையாது. எந்தக் கடைக்குப் போனாலும் என் எதிரே ஒரு தம்ளர் கவிழ்ந்திருக்கிறது. கழுவி ஈரம் வடிவதற்காக வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாமலா இருக்கும். நான் அதை நிமிர்த்தி வைக்கிறேன். சாப்பிட்டு நிமிர்ந்தால் மறுபடி கவிழ்ந்திருக்கிறது. வேறு மேசைக்கு மாறிப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று. அடியில் இன்னும் ஈரம் இருக்கும்.

போன செவ்வாய் அவளைச் சிறையில் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தாள், மெலிந்து. நான் போய் உட்கார்ந்ததிலிருந்து என் முகத்தை விட்டு அவள் கண் அகலவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அண்ணே. தூக்கமே இல்லை. அன்னிக்கு அந்த ஏழும் நிஜமாவே நல்லா இருந்துச்சா?”

நான் எதற்காகப் போனேனோ அதைச் சொல்ல அதுதான் இடம்.

“நல்லா இருந்துச்சு” என்றேன்.

நான்கு மாதத்தில் முதல்தடவையாக மூச்சு விடுகிறவள் மாதிரி விட்டாள். “அப்போ வேற ஏதோ காரணம். எண்ணெயா இருக்கும், தண்ணியா இருக்கும். உங்க நாக்குல பட்டிருந்தா விட்டிருப்பீங்களா” என்றாள்.

அதனால்தான் இங்கே வந்தேன். பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் உள்பக்கத்தில் திருத்தம் போடுவோம். இதையும் அப்படி ஒரு திருத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். ஏழில் நான்கு கசந்தன, எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன். தொழில் என்ற இடத்தில் ‘நிருபர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘உணவு விமர்சகர்’ என்பதே சரி. அவளை விட்டுவிடுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஏதாவது காரணம் சொல்லி அவளை வெளியே அனுப்புங்கள், குழம்பு கசந்தது என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். என் நாக்கை அவள் அவ்வளவு நம்புகிறாள், அந்த நம்பிக்கையும் போனால் தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.