ஸ்லாட்டா வீட்டுப் புகை

— நான் கெட்டதா என்னங்க சொன்னேன்? புகழ்ந்துதானே பேசினேன்.

— மெதுவா பேசு, ப்ரைனா. ரொட்டிக் கடையில யார் யார் இருந்தாங்க?

— வெள்ளிக்கிழமையாச்சே, சப்பாத் ஓய்வுநாள் ரொட்டிக்கு ஊரே நின்னுச்சு. “நல்ல மனசுன்னா நம்ம ஸ்லாட்டா மனசுதான்”னேன். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— “தனியா இருக்கிற விதவை. ஆனா ரெண்டு நாளா அவ வீட்டுப் புகைபோக்கி ஓயவே இல்ல, பெரிய பானையில பார்லிக் கஞ்சி வைக்கிறா. எந்த ஏழை வயித்துக்கோ, மகராசி”ன்னேன்.

— ஆண்டவனே.

— ஏங்க முகம் இப்படிப் போகுது? ஜெபக்கூடத்துல ரப்பி புறணி பேசக்கூடாதுன்னாரு. இது புறணியா?

— கூட்டத்துல ஒருத்தரைப் புகழவும் வேணாம்னு அதே மூச்சுல சொன்னாரே. பொம்பளைங்க பக்கம் கேக்கலையா?

— எங்க கேக்குது? எல்லாரும் பேசிக்கிட்டே இருந்தா.

— சரி. கால்மன் இருந்தானா?

— எந்தக் கால்மன்?

— ஜார் பட்டாளத்துக்குப் பிள்ளை பிடிச்சுக் கொடுக்கிறானே, அவன்.

— கடைசியில நின்னான். “பானை எவ்வளவு பெரிசுக்கா?”ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான்.

— நீ?

— கையால காட்டினேன்.

— அப்புறம் ரொட்டி வாங்கினானா?

— வாங்கல. வரிசையை விட்டுட்டுப் போயிட்டான். அய்யோ, ஸ்லாட்டா யாரையாவது ஒளிச்சு வச்சிருக்காளா?

— நீ வீட்டுக்கு வந்து எவ்வளவு நேரமாச்சு?

— சூப்பு கொதிச்சு இறக்கியாச்சு. யார் பிள்ளைங்க அது? பன்னெண்டு வயசுப் பிள்ளையைக்கூட விடமாட்டானே. பெத்தவ எனக்கு மண்ணை வாரித் தூத்துவாளே.

— என் தொப்பி எங்க?

— நீங்க எங்க போறீங்க? நல்லவேளை, நம்ம பையன் ஆஷரை கோவ்னோவுக்கு அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டோம்.

— உட்காரு, ப்ரைனா.

— உட்காரல. சொல்லுங்க.

— வண்டி கோவ்னோவுக்குப் போகவே இல்ல. ரோடு முழுக்க கால்மன் ஆளுங்க. ஆஷர் ஸ்லாட்டா வீட்டுலதான் இருக்கான், அடுப்புக்குப் பின்னால.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிடும்னு பயந்தேன்.

— தெரிஞ்சிருந்தா நான் வாயைத் திறந்திருப்பேனா? பெத்தவ நான்.

— அழாத. பின்பக்கமா ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்திடறேன். இரு, யாரோ கதவைத் தட்டறாங்க.

— ஹிர்ஷ் அண்ணே, நான்தான் ஸ்லாட்டா. திறங்க.

— ஆஷர் எங்க, ஸ்லாட்டா?

— கால்மன் நாலு பேரோட வந்து நேரா அடுப்புகிட்டதான் போனான். வண்டியில ஏத்திட்டாங்க அண்ணே. யார் காட்டிக் கொடுத்தாங்கன்னு தெரியல. பிள்ளை தெருமுனை வரைக்கும் ஒண்ணுதான் கத்திக்கிட்டே போனான், “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க”ன்னு.