தினம் ஒரு வெள்ளை மாத்திரை

மருந்துக்கடைக்காரனுக்கு உட்கார்ந்து பழக்கம் கிடையாது இன்ஸ்பெக்டர், நின்றுகொண்டே சொல்கிறேன். இங்கும் அங்கும் நடந்தால் தப்பாக நினைக்காதீர்கள். இரண்டு நாளாகக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

போன வருடம் என் மனைவிக்கு அந்தரங்க இடத்தில் கொப்புளம் வந்தது. தோல் டாக்டரம்மா ஹெர்பிஸ் என்றார். அடியோடு போகாது, தினம் ஒரு மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும், கணவருக்குத் தொற்றுவதும் குறையும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் கொப்புளம் எதுவும் இல்லை. அவள் கல்யாணத்துக்கு முன் ஒருவரோடு பழகியிருந்தாள். அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

“என்னால உங்களுக்கும் வந்துடுமோ?” என்று அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அதுவரை எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நின்றவள் அப்புறம் வாயே திறக்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போவதையும் விட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போதுதான் நிம்மதியாக இருந்தது.

மாத்திரை வேலை செய்தது. எட்டு மாதம் ஒரு கொப்புளம் இல்லை. அவளுக்குத் தைரியம் வந்து வெளியூரில் வேலை தேடிக்கொண்டாள்.

“கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கறேங்க,” என்றாள்.

வாரத்துக்கு ஏழு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் போட்டு வைப்பது என் வேலை. கடைக்கு வரும் வயதானவர்களுக்கும் அப்படித்தான் செய்து கொடுப்பேன். அந்த வாரம் கால்சியம் மாத்திரை போட்டேன். அதுவும் வெள்ளை, அதே நீளம். சத்து மாத்திரைதான், விஷமில்லை. மூன்றாவது வாரம் கொப்புளம் திரும்ப வந்தது. ஒன்றுக்குப் போனால் எரியும் என்று பயந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு கிடந்தாள். வேலைக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு நான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

டாக்டரம்மா மருந்தைக் கூட்டினார், நான் கால்சியத்தைக் கூட்டினேன். அப்படியும் அடங்காமல் போகவே, போடுகிற மாத்திரையை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். என்னிடம் கேட்டிருந்தால் சரியான அட்டையைக் கொடுத்திருப்பேன். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாம் எழுதிக்கொண்டீர்களா? இன்னும் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு நாலு வருடம் முன்பிருந்தே அந்த ஹெர்பிஸ் மாத்திரையை நானும் தினம் போட்டு வருகிறேன். நடுவில் சரக்கு வராமல் ஒரு பத்து நாள் விட்டுப்போனது, அவ்வளவுதான். அவளுக்கு என்னிடமிருந்துதான் வந்தது.

இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். என்மேல் வைத்திருக்கிற மரியாதை போய்விடும்.