தவளையை அளந்தவன்

நான் மெல்லப் பேசுகிறவன். அந்த ஒலிப்பதிவுக் கருவியை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி வைத்துவிடுங்கள். பிறகு சரியாகக் கேட்கவில்லை என்று உங்கள் மேலதிகாரி உங்களைத்தான் கடிந்துகொள்வார். பதினொரு வருஷமாகச் சத்தம் அளக்கிற வேலை பார்த்தவன் நான். எது எவ்வளவு தூரத்தில் இருந்தால் எப்படிக் கேட்கும் என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும்.

என் அறையை நீங்கள் சோதனை போட்டுவிட்டீர்கள். பொம்மைத் தொழிற்சாலையின் பின்புறம், அட்டைப்பெட்டிக் கிடங்கை ஒட்டியது. நாலு சுவரிலும் பஞ்சு. நடுவில் ஒரு மேஜை, முக்காலியில் சத்தம் அளக்கும் கருவி. கிலுகிலுப்பை, ஊதல், சைரன் வண்டி எது வந்தாலும் நான் அளந்து கையெழுத்துப் போட்டால்தான் கடைக்குப் போகும். விதி எளிது. குழந்தை காதோடு வைத்து விளையாடும் பொம்மை என்றால் இரண்டு விரல் தூரத்தில் அளக்க வேண்டும். கையில் பிடிக்கிற பொம்மை என்றால் ஒரு முழம் தள்ளி அளந்தால் போதும். எது எந்த வகை என்று முடிவு செய்வதும் நான்தான்.

அந்தப் பச்சைத் தவளைப் பொம்மையைக் கையில் பிடிக்கிற வகை என்று எழுதினேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். வயிற்றை அழுத்தினால் அது உடனே கத்தாது. உள்ளே கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று மெல்ல ஓடும். எப்போது கத்தும் என்று சொல்ல முடியாது. திடீரென்று ஒரு கத்தல், அவ்வளவுதான். குழந்தைகளுக்குத் தூக்கிவாரிப் போடும், உடனே சிரிப்பார்கள். ஒரு முழத்தில் அளந்தபோது எல்லாம் விதிக்குள் இருந்தது. அதுவரை என் மேல் தப்பில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதிரிக்கு வந்தவற்றில் ஒன்றை என் மகளுக்கு எடுத்துப் போனேன். அப்போது அவளுக்கு நாலு வயது. பொடிசு என்று கூப்பிடுவோம். என் மனைவி வீட்டிலேயே தையல் தைக்கிறவள். அவளுடைய மெஷின் சத்தத்தில் தவளை கத்துவது அவளுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பொடிசு வயிற்றை அழுத்தினாள். டிக் டிக் கேட்பதற்காகத் தவளையைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். இடது காது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது கத்தியதும் துள்ளி விழுந்தாள்.

“அப்பா, இன்னொரு தடவை.”

நான் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எந்தக் குழந்தையும் அப்படித்தான் செய்யும் என்று அப்போதே தோன்றியது. ஆனால் டீ ஆறிக்கொண்டிருந்தது. தோன்றியதெல்லாம் மனதில் நிற்பதில்லை.

பதினெட்டு நாள் விளையாடினாள். அதற்கு அடுத்த நாள், யாரோ வாடிக்கையாளருக்குத் தைத்து முடித்து வைத்திருந்த உடுப்பைக் கத்திரிக்கோலால் குறுக்கே வெட்டிவிட்டாள். மனைவி ஆத்திரத்தில் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அதுவும் இடது பக்கம்தான். அவள் குழந்தையை அடித்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு நாள் கழித்து, “ஏங்க, இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா இவ திரும்பவே மாட்டேங்கறா,” என்றாள்.

குழந்தைக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் ஆட்டினால் திரும்பினாள். இடப்பக்கம் ஆட்டினேன். அவள் பாட்டுக்குச் சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் கிட்டே கொண்டுபோய் ஆட்டினேன். கிறுக்கிக்கொண்டேயிருந்தாள்.

மறுநாள் காலை என் அறைக் கதவைத் தாளிட்டுக்கொண்டு, அங்கிருந்த மாதிரித் தவளை ஒன்றை இரண்டு விரல் தூரத்தில் வைத்து அளந்தேன். நூற்று இருபத்தாறு டெசிபல். விமானம் கிளம்பும் இடத்தில் காதை மூடிக்கொண்டு நிற்கிறார்களே, ஏறக்குறைய அந்த அளவு. ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். நீங்கள் என் இழுப்பறையிலிருந்து எடுத்தது அதைத்தான். ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டீர்கள். அளந்ததை அழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அப்போது மேலாளர் கதவைத் தட்டினார். நல்ல மனுஷர். முதல் லோடு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

“கடைக்காரங்க தவளை தவளைன்னு உயிரை வாங்கறாங்க. அடுத்த லோடு ஏத்திடலாமா? உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தா சொல்லுங்க, இப்பவே நிறுத்திடறேன்.”

இருந்தது. ஆனால் நிறுத்தினால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் பொம்மையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வரும். தவளைப் படத்தோடு ஒவ்வொரு கடையிலும் ஒட்டுவார்கள். என் மனைவி அதைப் படிப்பாள். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தேன்.

“ஏத்துங்க,” என்றேன்.

குழந்தையைக் காட்டப் போனபோது மருத்துவர் நிதானமாகத்தான் பார்த்தார். “செவிப்பறையில கிழிசல் எதுவும் இல்ல. உள்ள நரம்புலதான் பாதிப்பு. இது திரும்பி வர்றது கஷ்டம். கிட்டத்துல பெரிய சத்தம் ஏதாவது கேட்டாளா? வெடிச் சத்தம் மாதிரி?”

மனைவி முந்திக்கொண்டாள். “நான்தான் டாக்டர் அடிச்சேன். இந்தக் கையாலதான் அடிச்சேன்.” சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். “எங்க வீடு ரொம்ப அமைதியான வீடு டாக்டர்,” என்றேன்.

அடிதான் காரணம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளே சொன்னாள், நான் மறுக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் தவளையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பொடிசு தேடினாள். கட்டிலுக்கு அடியில், துணிக் கூடைக்குள், எல்லா இடத்திலும் தேடினாள். அவளுடைய வலது காதருகே குனிந்து சொன்னேன்: “தவளையைப் பத்தி அம்மாகிட்ட பேசக்கூடாது. பேசினா அம்மா அழுவாங்க. அப்புறம் அழுகை நிக்கவே நிக்காது.” தலையை ஆட்டினாள். கெட்டிக்காரக் குழந்தை. அதற்குப் பிறகு அம்மா அழும்போதெல்லாம் ஓடிவந்து, “நான் சொல்லலப்பா, நான் சொல்லவே இல்ல,” என்பாள். கொஞ்ச நாளில் அவள் அதிகம் பேசுவதையே விட்டுவிட்டாள்.

மனைவி குழந்தைக்குத் தலை வாரிவிடுவதை நிறுத்தினாள். கையைத் தூக்கினாலே குழந்தை மிரளுமோ என்று அவளுக்குப் பயம். அந்த வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

பிறகு கடிதங்கள். பொம்மைச் சத்தத்தைப் பற்றி வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. எட்டு மாதத்தில் இருபத்திரண்டு கடிதங்கள். எல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன. ஒரு தாய் எழுதியிருந்தாள்: “கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான். தவளையைக் காதுலயே வெச்சுக்கிட்டிருந்தான். யாரைக் கேக்கறதுன்னு தெரியல, ரொம்பப் பயமா இருக்கு.” அதை நாலு தடவை படித்தேன். உண்மையைச் சொன்னால் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. உலகத்தில் எனக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. ‘விளையாட்டில் லயித்திருக்கும் குழந்தைகள் கூப்பிட்டால் திரும்பாதது இயல்பே’ என்று மரியாதையாகப் பதில் எழுதினேன். எல்லோருக்கும் அதே பதில்தான். யாருக்கும் பதில் போடாமல் விட்டதில்லை.

கடைசியில் ஒரு மழலைப் பள்ளி ஆசிரியை கண்டுபிடித்துவிட்டாள். அவள் வகுப்பில் மூன்று குழந்தைகள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையாம். மூன்று வீட்டிலும் பச்சைத் தவளை. மூன்று பேரையும் அவளே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள், தவளையையும் சேர்த்து. பத்து நாளில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்துவிட்டது. இதுவரை முப்பத்தொரு குழந்தைகள் என்கிறீர்கள். நான் ‘ஏத்துங்க’ என்று சொன்ன லோடுகளில் போன தவளைகளால் பாதிக்கப்பட்டவர்கள்தான் அதிகம். கணக்கில் என் மகளைச் சேர்த்திருக்க மாட்டீர்கள். இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள், முப்பத்திரண்டு.

போன செவ்வாய்க்கிழமை மனைவி பொத்தான் வாங்கக் கடைக்குப் போனாள். போனவள் ஓடிவந்தாள். கையில் அந்த அறிவிப்பு. கடைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருந்தாள், மூலையில் பசை கூடக் காயவில்லை.

“என்னங்க, இதைப் பாருங்க. இது நம்ம வீட்ல இருந்துச்சே. பொடிசு இதைக் காதுலதானே வெச்சுக்கிட்டிருந்தா. அப்போ... நான் அடிச்சதுல இல்லையா? சொல்லுங்க, நான் அடிச்சதுல இல்லதானே?”

எட்டு மாதமாகச் செத்துக்கிடந்த முகம். அதில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொடிசு கதவோரம் நின்று, நான் என்ன சொல்வேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு பயம் வந்ததில்லை.

பிறகு அந்தத் தாளை வாங்கிப் படித்தேன். முழுவதும் படித்தேன். நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

“இது வேற தவளை,” என்றேன். “நம்ம வீட்ல இருந்ததை நானே கிட்ட வெச்சு அளந்தேன். அதுல ஒண்ணும் இல்ல.”

அவள் கை என் சட்டையிலிருந்து நழுவியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

“நடந்தது நடந்துபோச்சு. நான் எப்பவோ உன்னை மன்னிச்சிட்டேன்,” என்றேன்.

அவளிடம் நீங்கள் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. என் மனைவிக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.