ஸ்கலீஸே பெயரில் ஒரு சாப்பாடு

— பயப்படாம காயை நகர்த்து தம்பி. இந்த ஸ்கலீஸேகிட்ட தோத்தேன்னு ஊர்ல போய்ச் சொல்லிக்கலாம், அதுவே ஒரு பெருமைதானே.

— கலாப்ரியாச் சீமையே கொண்டாடுற சதுரங்கப் புலி, இந்தச் சத்திரத்துல என்னை மாதிரி வழிப்போக்கன்கூட ஆடுறீங்களே. நான் குடுத்து வெச்சவன்.

— எல்லாம் நம்ம கைவாகு. ஒரு வாரமா நெத்திலி, ரொட்டி, ஒயின், எதுக்கும் சத்திரக்காரர் காசு கேக்கறதில்ல. ஸ்கலீஸேங்கற பேரு அப்படி. பாரு, என் ராஜா யானையைத் தாண்டி இங்க வந்து உக்காந்துட்டார்.

— அது கோட்டை கட்டும்போது ரோம்காரங்க தாவுற தாவலாச்சே. எங்க கோசென்சாவுல ராஜாவை அந்தக் கட்டத்துல விடமாட்டோம். ஸ்கலீஸேயும் கோசென்சாதானே?

— ஆமா, ஆமா. மறதி. உனக்கும் அந்த ஊரா?

— அவர் ஊருதான். அவர் தெருதான். அவர் வீடேதான்.

— ஐயா... நீங்களா?

— ஒயினைக் கொட்டிடாதே. உன் பேரென்ன?

— மெனிகோங்க. ரோம்ல கோவேறு கழுதை ஓட்டிக்கிட்டிருந்தேன். சத்திரக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தோலை உரிச்சுடுவார்.

— என் பேரைச் சொல்லி யாரையாவது ஜெயிச்சியா?

— எங்கங்க. மாவரைக்கிறவர்கிட்ட தோத்தேன். பாதிரியார்கிட்ட தோத்தேன். அவரோட அக்கா, கண்ணு சரியாத் தெரியாது, அந்தம்மாகூட என் ராணியைப் பிடுங்கிட்டாங்க. உங்க மானத்தையே வாங்கிட்டேன்.

— ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?

— ஸ்கலீஸேயையே கவுத்தாச்சு, இனி எவன் வந்தாலும் வரட்டும்னு தலைகால் புரியாம ஆடுறாங்க. அந்த மேட்டு வீட்டுச் சீமான், எந்தப் பரதேசி ஆட வந்தாலும் என் குதிரையைப் பந்தயம் வைக்கிறேங்கறார்.

— குதிரையவா?

— கோவிச்சுக்காதீங்கய்யா. இப்பவே ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிடறேன்.

— உக்காரு. நான் நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல. போன ஊர்ல என் பேரைக் கேட்டதும் பலகையை மடிச்சு வெச்சுட்டாங்க. அதுக்கு முந்தின ஊர்லயும் அதே கதை. ஜெயிச்சு ஜெயிச்சே பட்டினி கிடக்கிறேன் மெனிகோ.

— அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?

— முதல்ல அந்த நெத்திலியை இப்படித் தள்ளு. சீமான் குதிரையை நான் பார்த்துக்கிறேன். தோக்கிறதுல உனக்கு நல்ல கைவாகு. அடுத்த ஊருக்கு நீ ஸ்கலீஸேயாவே போய்த் தோத்துக்கிட்டு இரு, கழுதை ஓட்டுற மெனிகோவா நான் பின்னாலயே வந்து பந்தயத்தை வாங்கிக்கிறேன்.