தலைக்குத் தண்ணி ஊத்தாத குழந்தை

டவுன்ஷிப் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜாடியில கிடக்கிற ஆத்தாவ நோண்டப் போறாளாம் உங்க பொண்ணு," என்றாள் அந்த அம்மா.

"பரிச்சையில பாஸான அன்னிக்கு மட்டும் உம் பொண்ணா?" என்று அவர் சிரித்தார். "பெரியம்மையில செத்த ஒரு கொழந்தையோட நுரையீரல அவ படிக்கிற ஊரு மியூசியத்துல மருந்துல போட்டு வச்சிருக்காங்க. நூறு வருசத்துக்கு மேல ஆவுதாம். அதுல துளி எடுத்து, அம்மை அப்ப எப்படி இருந்துச்சு, அப்புறம் எப்படி மாறிச்சுன்னு பாக்கறா. கிருமி எப்பவோ செத்துடிச்சி."

"செத்தத நீங்க பாத்தீங்களா? எம் புள்ளைக்கு ஒட்டிக்கினா?"

"ஒட்டாதுடி. நேத்துலேர்ந்து அவ போன நீ எடுக்காம இருக்கிற. அவ அழுவுறா."

அடுத்த ஸ்டாப் தாண்டியதும் அந்த அம்மா கேட்டாள்.

"அந்தக் கொழந்தைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினாங்களா?"

"அம்மை எறங்கறதுக்குள்ளயே செத்துப்போச்சே. எங்க ஊத்தறது?"

அவள் அவருடைய செல்போனை வாங்கிப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, சாப்ட்டியா? அழுவாத. செய், நான் ஒண்ணும் சொல்லல. தொடும்போது மட்டும் பதமாத் தொடு கண்ணு. அதுக்கு இன்னும் ஒடம்பு சரியாவல."