பல்லிக்குப் போனேன்

"நான் நடத்துன தமிழ்ப் பாடத்துக்கு மார்க் போட வந்த காலேஜ் லெக்சரருக்குத் தமிழே தெரியாது லா."

மலேசியாவில், பாசிர் கூடாங் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த பயிற்சி ஆசிரியை தன் தோழியிடம் சொன்னாள்.

"அப்புறம்?"

"பதட்டத்துல 'நான் பல்லிக்குப் போனேன்'னு பலகையில எழுதிட்டேன். ஒரு பொம்பளப் புள்ள கையத் தூக்கி, 'டீச்சர், பள்ளிக்கு'ன்னு சொல்லுச்சு. கிளாஸே சிரிச்சிருச்சு. நானும் சிரிச்சிட்டுத் திருத்தினேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"என் கையெழுத்து அழகா இருக்காம். வகுப்புக் கட்டுப்பாடுதான் போதாதாம்."

"நீ விளக்கிச் சொல்லலியா?"

"சொன்னேனே. புள்ளைங்க குறுக்க பேசக் கூடாதுங்கறாரு. அடுத்த வாரம் மறுபடியும் வராரு."

அவள் தோழியின் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புள்ளகிட்ட நான் என்ன சொல்றது? டீச்சர் தப்பா எழுதுனா வாய மூடிக்கிட்டு இருன்னா?"